கல் நின்றது, மரம் போயிற்று
செஞ்சிக் கோட்டையும் திரைக் கலை இயக்குநர் கட்டிய அரண்மனைகளும்

செஞ்சிக்கு வருகின்றவர் ராஜகிரியின் அடிவாரத்தில் நின்று கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: தேசிங்கு ராஜனின் அரண்மனை எங்கே? வழிகாட்டுவோர் கைநீட்டும் இடத்தில் முழங்கால் உயரச் சுவர்களும், படிகளும், ஒரு கல்மேடையும் தென்படும். தொல்லியல் துறையினர் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த அடித்தளம் அது. வந்தவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். அவர் தேடிவந்த அரண்மனை வேறு. வழவழப்பான தூண்களும், தரை மின்னும் சபா மண்டபமும், இருபுறமும் சிங்கம் தாங்கிய அரியணையும், அதற்கு ஏறிச் செல்லும் படிக்கட்டும் அதில் இருக்கும். அதனை அவர் எங்கே கண்டார்? செஞ்சியில் அன்று, கொட்டகையில். கோடம்பாக்கத்தில் சவுக்குக் கம்பும் பிளைவுட்டும் சாக்குத்துணியும் பிளாஸ்டரும் கொண்டு எழுப்பப்பட்டு, படப்பிடிப்பு முடிந்த மறுவாரமே பிரித்தெடுக்கப்பட்ட அரண்மனை அது. தமிழர் கண்ணில் அரசு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஓர் உருவத்தைப் பதித்தவர்களுள், பெயர் அதிகம் பேசப்படாத கலை இயக்குநர்களுக்கு முதலிடம் உண்டு. அவர்கள் தொழிலின் வரலாற்றைச் செஞ்சியின் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே இழப்பைச் சுற்றி வருவன.

கோட்டையின் கதை இவ்வூரார் அறிந்ததே. ஆனந்தக் கோன் தொடக்கிவைத்த அரணை விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் பெருக்கினர். 1649இல் பீஜப்பூர்ச் சுல்தானியம் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி வென்றார். அவர் மகன் ராஜாராம் இங்கிருந்து ஆட்சி செய்தபோது மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. பின்னர்ப் புந்தேலா ராஜபுத்திரரான சொரூப்சிங், அவர் மகன் தேஜ்சிங் என்னும் தேசிங்கு. 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து அவ்விளைஞன் மடிந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாற்றில் இவை விரிவாக உள்ளன. 2025 ஜூலையில் மராட்டியரின் படைத்தள நிலக்காட்சி என்னும் தொகுப்பில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. மற்றப் பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளவை. அரசனாகச் சில மாதங்களே இருந்த தேசிங்கு, இவர்கள் அனைவரையும் பின்தள்ளிவிட்டு மக்கள் நாவில் நிலைத்துவிட்டான். அது கதைப்பாடல் செய்த வேலை.

இங்கு எஞ்சியிருப்பன எவை என்று எண்ணிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். மூன்று மலைகளை வளைத்த மதில்கள், அகழிகள், வில்வளைவுக் கூரையுடைய தானியக் களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரக்குளம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல், அடுக்கடுக்காய்க் கூர்ந்து உயரும் கல்யாண மகால். கல்லும் செங்கல்லும் சுண்ணச் சாந்தும் தாங்கியவை இவை. போனவை எவை? மரம், துணி, உலோகம், வண்ணம். தூண்மேல் நின்ற உத்தரங்கள் போயின, விதானங்கள் போயின, திரைச்சீலைகளும் விரிப்புகளும் போயின. ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னே, இருபத்துநான்கு அடி அகலமும் அறுபது அடி ஆழமும் உள்ள பிளவைக் கடக்க அக்காலத்தில் ஒரு மரப்பாலமே இருந்தது; பகை வந்தால் இழுத்துக்கொள்ளலாம். பாறை அப்படியே நிற்கிறது. அரசன் வாழ்ந்த இடம் மட்டும், வாழ்க்கைக்கு உகந்த மெல்லிய பொருள்களால் ஆனதால், முதலில் அழிந்தது. தமிழகத்து அரண்மனைகள் பலவற்றின் நிலை இதுவே. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டுமே கிடைத்தது. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலிலும் எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. அதன் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனவர் அவருடைய பேரர் சொக்கநாதரே என்பர். கோயில் நின்றது, கோ இல்லம் நிற்கவில்லை.

இந்த வெற்றிடத்தைப் பற்றி அறிய எழுத்துச் சான்று அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1597ஆம் ஆண்டளவில் செஞ்சிக்கு வந்த பிமெண்டா என்னும் ஏசு சபைத் துறவி, கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்ட காட்சியை எழுதிவைத்துள்ளார். பட்டுக் கம்பளத்தின்மேல் இரண்டு திண்டுகளில் சாய்ந்தபடி நாயக்கர் இருந்தாராம்; உடலில் நீண்ட பட்டாடை; மார்பு முழுதும் பரந்த முத்தும் மணியும் கோத்த பெருஞ்சங்கிலி; நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்து முத்துச் சூடியிருந்தார். இக்குறிப்பில் சிங்கம் தாங்கிய அரியணை இல்லை. ஏறிப்போகும் படிக்கட்டு இல்லை. தரையோடு தரையாக விரித்த ஒரு கம்பளத்தில் பேரரசின் மிடுக்கு முழுவதும் அமர்ந்திருக்கிறது. ஒரு கலை இயக்குநருக்கு இதைவிடச் செறிவான குறிப்பு வேறு என்ன வேண்டும்? ஆயினும் தமிழ்த் திரையின் அரசவை இவ்வழியில் வரவில்லை. அது வந்த வழி வேறு.

அவ்வழி நாடக மேடையில் தொடங்குகிறது. பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகக் கொண்டுவந்த வண்ணத் திரைகள் தமிழ் நாடகத்தை மயக்கின. சி. கன்னையாவின் குழு மேடை ஆடம்பரத்துக்கே பெயர்பெற்றது. அவருடைய தசாவதார நாடகத்தின் காட்சி அமைப்பைக் காணவே கூட்டம் திரண்டது. பின்னாளில் நவாபு ராஜமாணிக்கம் பிள்ளை அந்த மரபை உச்சத்துக்குக் கொண்டுசென்றார். அரண்மனைத் திரை, காட்டுத் திரை, தெருத் திரை, தர்பார்த் திரை என்று சுருட்டிக் கட்டிய படுதாக்களே ஒரு குழுவின் சொத்து. நாடகக் குழுவுக்குத் திரை எழுதியவராகக் கோவில்பட்டிக்கு வந்து தங்கிவிட்ட சி. கொண்டையராஜு, அங்கிருந்து நாட்காட்டித் தெய்வங்களை வரைந்து தமிழர் வீடுகள்தோறும் அனுப்பினார் என்பதையும் இத்தொடர்பில் நினைக்க வேண்டும். திரையில் தீட்டிய தூண்வரிசை, ஐரோப்பிய ஓவியத்தின் தொலைநோக்கு முறையில், குறுகிக் குறுகி உள்ளே போகும். மேடையின் ஆழம் பத்தடியே ஆனாலும் மண்டபம் நூறடியாய்த் தெரியும். தமிழ்ப் படத்தின் முதல் அரண்மனை இந்தத் துணியிலிருந்து இறங்கி வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பட்டது. 1934இல் சென்னையில் பேசும்பட நிலையம் தோன்றும்வரை தமிழ்ப் படத்தினர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் புனேவுக்கும் மூட்டை கட்டினர். அதன் பின்னரும் சில ஆண்டுகள் அப்பயணம் தொடர்ந்தது. அங்கே தமிழ்க் கதைக்கென்று புதிய அரங்கு யார் போடுவார்? இருந்த வடநாட்டு அரங்கில் தமிழ் பேசி முடித்துத் திரும்பினர். ஆக, வில்வளைவு, ஜரோகா, கவிகை மாடம் எல்லாம் தமிழ் அரசனின் வீட்டுக்குள் புகுந்தது கலை நோக்கத்தால் நேர்ந்ததாகத் தோன்றவில்லை; வாடகைக் கணக்கால் நேர்ந்தது. பழக்கமாகிவிட்டபின் அதுவே அழகு என்றாயிற்று.

பெரிய ஸ்டூடியோக்களின் காலத்தில் கலை இயக்குநர் ஒரு சிற்றரசராகவே விளங்கினார். அவருக்குக் கீழே தச்சர், மோல்டர், பெயிண்டர், துணி தைப்போர், சாமான் அறைக்காரர் என ஒரு பட்டாளம். முதலில் தரைத்திட்ட வரைபடம். அடுத்து வண்ணப் படம். சில வேளைகளில் அட்டையில் சிறு மாதிரி. பின்னர் மரச் சட்டங்கள் எழும்பும். களிமண்ணில் சிற்பம் செய்து, அதன்மேல் அச்செடுத்து, அச்சில் சாக்குநாரும் பிளாஸ்டரும் இட்டு வார்த்தால் கருங்கல் தூண் ஒன்று இருவர் தூக்கும் கனத்தில் பிறக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது எனினும் சாயத்தின் அடர்த்தி தெரியும். எந்தச் சாம்பல் எந்த வெளிச்சத்தில் கல்லாகும், எது சுண்ணமாகும் என்பதைப் பெயிண்டரின் கண் அறியும். நான்காவது சுவர் கட்டப்படுவதில்லை. அங்கே காமிரா நிற்கும். மேற்கூரையும் பெரும்பாலும் கிடையாது. அங்கே விளக்குகள் தொங்கும். அரசர் ஆணையிடும் மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் முட்டுக்கொடுத்த கம்பும், ஆணியும், முந்தைய படத்தின் பழைய வண்ணமும்தான்.

இத்தொழிலின் பெருமிதம் உச்சத்தைத் தொட்ட இடம் 1948இல் வந்த ஜெமினியின் ‘சந்திரலேகா’. ஏ. கே. சேகர் அதன் கலை இயக்குநர். அடுக்கிவைத்த மாபெரும் முரசுகளின் மேல் பெண்கள் ஆட, அம்முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படும் காட்சியில், அரங்கப் பொருளே கதைத் திருப்பமாகிறது. முரசு என்பது அங்கே பின்னணி இல்லை, சூழ்ச்சி. கலை இயக்கம் கதையைச் சுமக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தமிழில் அரிது. 1957இல் வாகினியில் உருவான ‘மாயா பஜார்’ படத்துக்கு மா. கோகலேயும் கலாதரும் துவாரகை நகரைச் சிற்றுருவில் செய்தனர். ஐம்பது அடிக்கு அறுபது அடி இடத்துக்குள் முந்நூறு வீடுகள், உள்ளே மின்விளக்குகள். மார்க்கஸ் பார்ட்லியின் காமிரா அதன்மேல் நகர்ந்தபோது கடல்சூழ் நகரம் ஒன்று உயிர்பெற்றது.

உலக அளவில் இத்தொழிலுக்குப் புதிய பெயர் கிடைத்ததும் ஏறத்தாழ இக்காலத்தையொட்டியே. 1939இல் வெளிவந்த ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் வில்லியம் கேமரன் மென்சீஸ் செய்த பணிக்குக் கலை இயக்கம் என்னும் சொல் போதாது என்று தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கருதினார். அரங்கு மட்டுமன்றி நிறம், ஒளி, காமிராக் கோணம், காட்சித் தொடர்ச்சி அனைத்தையும் மென்சீஸ் முன்கூட்டியே வரைந்து தந்திருந்தார். தயாரிப்பு வடிவமைப்பாளர் என்னும் பட்டம் அவருக்காகப் பிறந்தது. அப்படத்தில் அட்லாண்டா நகரம் எரியும் காட்சிக்கு, 1938 டிசம்பரில், ஸ்டூடியோவில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய அரங்குகளையே கொளுத்தினர். ‘கிங் காங்’ படத்து மதிலும் அதில் எரிந்தது. ஒரு படத்தின் கோட்டை இன்னொரு படத்தின் விறகு. இத்தொழிலின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஆஸ்கார் பரிசில் கலை இயக்கம் என்றிருந்த பிரிவு தயாரிப்பு வடிவமைப்பு என்று பெயர் மாறியது 2012ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான்.

இனிச் செஞ்சிக்குத் திரும்பலாம். 1960இல் லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் ‘ராஜா தேசிங்கு’ படத்தை வெளியிட்டது. இயக்கம் டி. ஆர். ரகுநாத், எம்.ஜி.ஆர். இரட்டை வேடம், பானுமதி, பத்மினி, எஸ். எஸ். ராஜேந்திரன் உடன் நடித்தனர். எழுத்தில் கண்ணதாசனின் பங்கும் உண்டு. கதைப்பாடல் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, தேசிங்கைப் படத்தின் வழியே கண்டது. அதற்கு முந்திய ஆண்டு, 1959இல், பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. அதன் போர்க்காட்சிகள் ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் படமாயின. 1801இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சி ஒரு மண்கோட்டை. கரிசலும் வைக்கோலும் குழைத்த அந்த மதில் பீரங்கிக் குண்டை விழுங்கிக்கொண்டது என்பதே அதன் வீரக்கதையின் உயிர்நாடி. திரையிலோ பாளையக்காரரின் பின்னே ஜெய்ப்பூர்ச் செம்மாந்து நின்றது. படம் பார்த்தவர் எவரும் குறை சொல்லவில்லை. சிவாஜி கணேசனின் குரல் எழுந்தபின் சுவரைப் பார்ப்பார் யார்? ஆனால் 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியபோது, மண்கோட்டை திரும்பவில்லை. எழுந்தது, திரைப்படம் கற்பித்த கண்ணோடு வருபவர் எதிர்பார்க்கும் கோட்டையே. அரங்கு கல்லாகி, கல் வரலாறாகிவிடும் விந்தையை அங்கே நேரில் காணலாம்.

இதில் ஒரு நகைமுரண் ஒளிந்திருக்கிறது. கட்டபொம்மனுக்குப் பொருந்தாத வடநாட்டுக் கோலம், தேசிங்குக்கு ஓரளவு பொருந்தும். அவன் புந்தேல்கண்டத்து மரபினன். தலைப்பாகையும் இடைக்கச்சும் அவனுக்கு இரவல் இல்லை. ஆனால் அவன் வாழ்ந்த கட்டடங்கள் நாயக்கரும் பீஜப்பூராரும் மராட்டியரும் விட்டுச்சென்றவை. புந்தேலா உடை, நாயக்கர் மண்டபம், தக்காணத்து வில்வளைவு, தமிழ்ப் பணியாளர், பாரசீக மொழியில் அரசாங்கத் தாள்: இந்தக் கலவையே உண்மையான செஞ்சி. எந்த ஒரு பாணியிலும் அடங்காத இந்த அரசவையைக் கட்டுவது, ஜெய்ப்பூரை வாடகைக்கு எடுப்பதைவிடக் கடினம், காண்பதற்கோ புதுமை.

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தபோது இவ்வட்டம் வேறு விதமாகச் சுற்றியது. தயாரிப்பு வடிவமைப்புத் தோட்டா தரணி. சோழர் அரண்மனை எங்கும் நிற்காததால், அரங்குகளோடு மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவும் குவாலியரும் மகேசுவரும் சோழநாடாக உதவின. ஓர்ச்சா புந்தேலா அரசர்களின் பழைய தலைநகரம். தேசிங்கின் முன்னோர் நாட்டுக் கட்டடக்கலையில், அவனுக்கு எழுநூறு ஆண்டு முற்பட்ட சோழ இளவரசர்கள் உலவினர். இதனைப் பிழை என்று தள்ளிவிடுவது எளிது, நேர்மையாகாது. கலை இயக்குநர் வரலாற்றாசிரியர் அல்லர். அவர் கையில் இருப்பவை ஒரு தளத்தின் நீள அகலம், ஒரு தொகை, ஒரு தேதி. இல்லாத அரண்மனையைக் காட்டு என்று கேட்பவரிடம் அவர் ஏதேனும் ஒன்றைக் காட்டித்தான் ஆக வேண்டும். குறை, கேட்பவரின் பக்கமும் உண்டு: நமக்கு வேண்டியது பெருமையா, வீடா என்பதை நாம் தெளிவாகச் சொன்னதில்லை.

வீட்டைக் காட்டிய கலை இயக்குநர்களும் தமிழுக்கு வாய்த்தனர். வங்கத்தில் சத்யஜித் ராயுடன் பணியாற்றிய பன்ஸி சந்திரகுப்தா, ‘அபராஜிதோ’ படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டினார். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே துணி கட்டி விளக்கொளியைத் திருப்பியதால் அம்முற்றத்தில் வானத்து வெளிச்சம் இறங்கியது. அரங்கு என்று எவரும் ஐயுறவில்லை. தமிழில் அத்தகைய மயக்கத்தைப் பேரளவில் செய்தது 1987இல் வந்த ‘நாயகன்’. தோட்டா தரணி பம்பாய்த் தாராவிக்குச் சென்று பார்த்து வரைந்து, சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் அச்சேரியை எழுப்பினார். தகரமும் சாக்கும் சாக்கடையும் கொண்டு கட்டிய அந்தச் சந்துகளுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஓவியரான அவர், கலை இயக்குநரான தோட்டா வேங்கடேசுவர ராவின் மகன். தந்தையின் தலைமுறை பளிங்கைப் போலி செய்தது. மகன் துருவைப் போலி செய்தார். துரு கடினம். பளிங்கு எங்கும் ஒரே பளிங்கு; துருவோ ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் வெவ்வேறு விதமாகப் படரும்.

கவிஞர்கள் கூடிய இவ்விலக்கிய வட்டத்தின் மலரில் சிறப்பாகச் சொல்லத்தக்கவர் பி. கிருஷ்ணமூர்த்தி. பூம்புகாரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். ஜி. வி. ஐயரின் சமயாசாரியர் படங்களில் பணியாற்றி, ‘மத்வாசாரியா’வுக்குத் தேசிய விருது பெற்றார். மலையாளத்தின் ‘ஒரு வடக்கன் வீரகதா’வுக்குக் கலை இயக்கம், உடை இரண்டிலும் விருது. 2000இல் ஞான ராஜசேகரன் இயக்கிய ‘பாரதி’ படத்துக்கும் அவ்விரண்டும் அவரையே சேர்ந்தன. அரசனுக்கு அரங்கு போடுவதிலும் கவிஞனுக்கு வீடு போடுவது அரிது. அரசன் வீட்டில் பொருள் மிகுதி. எதை வைத்தாலும் பொருந்தும். கவிஞன் வீட்டில் நான்கே பொருள் இருக்கும். நான்கும் சரியாக இருந்தாக வேண்டும். ஒரு மேசை, ஒரு மைக்கூடு, சுவரில் ஒரு விரிசல், கொடியில் ஒரு கோட்டு. இவற்றின் வழியேதான் வறுமையும் செருக்கும் ஒருசேரத் தெரிய வேண்டும். ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் (2006) இதே கிருஷ்ணமூர்த்தி, நாற்பது ஆண்டுக் கோடம்பாக்கத்து ராஜா ராணி அரங்குகளையே மெல்லக் கேலி செய்யும் அரண்மனை ஒன்றைக் கட்டினார். மரபை உள்ளும் புறமும் அறிந்தவர்க்கே அந்தக் கேலி கைவரும். 2020 டிசம்பரில் அவர் மறைந்தார்.

அரங்கு வேண்டாம், உண்மையான கோட்டையிலேயே எடுத்துவிடலாமே என்பாருக்கும் ஒரு சொல். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களில் படம்பிடிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கட்டுப்பாடு நியாயமானதே, சாந்துச் சுவரில் அடித்த ஓர் ஆணியை எந்த அரசாணையாலும் பிடுங்கிவிட முடியாது. இடத்தை அலங்காரப் பொருளாக்குவது செஞ்சிக்குப் புதிதும் அன்று. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் உயர்ந்த கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை என்பர். ஒரு கோயில் மண்டபத்தைத் தாங்கியவை எதையும் தாங்காமல் கடலைப் பார்த்து நிற்கின்றன. தூணின் வேலை தாங்குவது என்பதை மறந்து, தோன்றுவது என்று ஆக்கிவிட்ட அச்செயலைத் திரைக்கு முந்திய அரங்க அமைப்பு என்றே கொள்ளலாம். அதே புதுச்சேரித் தெருக்களில்தான் ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ எடுக்கப்பட்டது; அதன் வடிவமைப்பாளர் டேவிட் கிராப்மன், மேலே சொன்ன பெயர் மாறிய ஆண்டில், ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இவ்வளவும் சொன்னபின், செஞ்சி வட்டாரம் தனக்கென்று ஓர் அரங்கக் கலையை வைத்திருப்பதை மறந்துவிடலாகாது. இது தெருக்கூத்தின் நாடு. திரௌபதி அம்மன் வழிபாட்டின் நெஞ்சகம். செஞ்சிக்கு அருகே மேலச்சேரிக் கோயிலை அவ்வழிபாட்டின் மூலத்தலமாகப் போற்றுவர்; ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட ஆய்வு நூல் தன் தலைப்பிலேயே செஞ்சியையும் குருக்ஷேத்திரத்தையும் இணைத்தது. கூத்தில் அரண்மனை என்பது ஒரு மர விசிப்பலகை. அரசனின் வருகை என்பது இருவர் பிடித்த ஒரு திரை. முடியும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் கனமற்ற கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. விளக்கொளியில் அந்தத் தாள் பொன்னாகும். பத்தடி மேடையில் நூறடி மண்டபம் காட்ட முயன்ற நாடகத் திரைக்கு எதிர்த்திசையில் நடப்பது இது: எதையும் காட்டாமல் எல்லாவற்றையும் காணச் செய்வது.

பாரத விழாவின் இறுதி நாளில் படுகளம் நடைபெறும். ஊர்த் திடலில் துரியோதனன் உருவத்தை மண்ணால் செய்வர். பல அடி நீளத்துக்கு மல்லாந்து கிடக்கும் பேருருவம். விழி, மீசை, முடி, அணிகள் எல்லாம் வண்ணம் தீட்டப்பெறும். வேலை பொழுது விடியுமுன்னே தொடங்கும். அதைச் செய்கின்ற கைகள் அளவு பிசகாமல், முகத்தில் செருக்குக் குறையாமல் செய்யும். நண்பகல் கடந்தால் உடையப்போவது என்பதற்காக ஒரு மீசையிழையிலும் சோம்பல் இராது. பீமன் வேடத்தார் வந்து தொடையில் அடிக்க, உள்ளே வைத்த செந்நீர் பெருகும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். மாலைக்குள் மண் மண்ணாகிவிடும். மறு ஆண்டு வேறு கைகள் மீண்டும் செய்யும். அளவு கையிலிருந்து கைக்கு வந்துவிடும்.

திரை அரங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிரித்தபின் மறு ஆண்டு செய்வார் இல்லை; கையிலிருந்து கைக்குப் போக வழியும் குறுகிவிட்டது. ஜெமினி ஸ்டூடியோவின் பெயரை இன்று ஒரு மேம்பாலம் சுமக்கிறது. வாகினி நின்ற இடத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. சுதை வார்த்த தச்சரும் மோல்டரும் தெர்மாக்கோலுக்கும் ஃபைபருக்கும் மாறினர்; இப்போது கணிப்பொறி வரையும் கோட்டைக்கு ஆணியே தேவைப்படுவதில்லை. ஒரு படத்தின் பாட்டுப் புத்தகத்தைக் காத்துவைத்தவர் பலர். வசனத்தை அச்சிட்டு விற்றனர். நடிகர் படத்தை வீட்டில் மாட்டினர். அரங்கின் தரைத்திட்டத்தையும் வண்ணப் படத்தையும் காத்துவைத்தவர் மிகச் சிலரே; அவை சாமான் அறையில் கரையானுக்குப் போயின. கவிதைக்குக் கைப்படி எப்படியோ, இத்தொழிலுக்கு அவ்வரைபடம் அப்படி. எழுந்து விழுந்த அரண்மனையில் எஞ்சக்கூடியது அது ஒன்றே. முதியவர் வீட்டுப் பெட்டிகளில் இன்னும் எங்கேனும் சுருண்டு கிடக்கும் தாள்களைத் தேடித் திரட்டும் வேலையை ஓர் இலக்கிய வட்டம்கூடத் தொடங்கலாம். அதற்கு ஸ்டூடியோ வேண்டியதில்லை.

ராஜகிரி அடிவாரத்து அடித்தளத்துக்கு மீண்டும் வந்தால், அங்கே காண்பது அத்தகைய ஒரு தாளே. சுவர் எங்கே திரும்பியது, வாயில் எத்தனை அகலம், படி எத்தனை, எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகலாம், கல்மேடையில் இருந்தவர் எத்திசை நோக்கி அமர்ந்தார் என்பதெல்லாம் கல்லில் கோடு கிழித்தாற்போல் தெளிவாக உள்ளன. பிமெண்டா கண்ட கம்பளத்தை அங்கே விரித்துப் பார்க்க இடம் இருக்கிறது. தூண்களின் உயரம் மட்டும் தெரியாது.